லைசென்ஸ் இருக்கு... அந்த வண்டிக்கு இருக்கா? சாவியை வாங்கும் முன்பும் கொடுக்கும் முன்பும் தெரிய வேண்டியவை

“மச்சி, பைக்கைக் கொஞ்சம் குடு. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்.” மேன்ஷன் வாசலிலும் ஐ.டி. பார்க் பார்க்கிங்கிலும் தினமும் கேட்கிற வசனம் இது. கேட்பவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும் “இருக்கு” என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும். எந்த வண்டிக்கு இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்ற அடுத்த கேள்விகள் வருவதே இல்லை.

அந்தக் கேள்விகள் வருகிற இடம் ஒன்று உண்டு. விபத்து நடந்த பிறகு போலீஸ் ஸ்டேஷனிலும், இன்சூரன்ஸ் அலுவலகத்திலும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் முதலில் கேட்பது அவற்றைத்தான். அங்கே பதில் சரியாக இல்லையென்றால், ஓட்டியவரோடு சேர்ந்து சாவியைக் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். ஒரு நாளைக்குச் சராசரியாக 49 உயிர்கள். அந்த ஆண்டில் அதிக விபத்துகள் பதிவான மாநிலமும் தமிழ்நாடுதான். நாடு முழுவதும் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். அதாவது, இப்போதுதான் லைசென்ஸ் எடுத்து, முதல் வண்டி வாங்கி, வேலைக்குப் போய் வருகிற வயது.

லைசென்ஸ் எடுப்பது எப்படி, அது எதற்கெல்லாம் அனுமதி தருகிறது, எங்கே அதன் எல்லை முடிகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே அட்டை, பல வகை

‘டூவீலர் லைசென்ஸ்’ என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், சட்டத்தில் அது இரண்டு வகை. கியர் இல்லாத வண்டிக்கு ஒன்று, கியர் உள்ள வண்டிக்கு ஒன்று. ஸ்கூட்டர் ஓட்டிக் காட்டி ‘கியர் இல்லாதது’ என்ற வகையில் லைசென்ஸ் எடுத்த ஒருவர், நண்பரின் கியர் பைக்கை எடுத்தால், அந்த வண்டியைப் பொறுத்தவரை அவர் லைசென்ஸ் இல்லாதவர்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 3-வது பிரிவு கேட்பது, அந்தக் குறிப்பிட்ட வகை வண்டியை ஓட்ட அனுமதிக்கும் லைசென்ஸ். கியர் உள்ள வண்டிக்கு எடுத்திருந்தால் ஸ்கூட்டரையும் ஓட்டலாம். அதனால், முதல்முறை விண்ணப்பிக்கும்போதே கியர் வண்டிக்குச் சேர்த்து எடுத்துவிடுவது நல்லது.

கார் ஓட்டுவதற்கு ‘இலகு ரக மோட்டார் வாகனம்’ என்ற வகை. அட்டையில் எல்.எம்.வி. என்று இருக்கும். சொந்தக் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஆட்டோவோ சிறிய சரக்கு வண்டியோ ஓட்டலாமா என்ற குழப்பம் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் ஓடியது. 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதைத் தீர்த்துவைத்தது. எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர்கள் ஓட்டலாம், அதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்பு. அதற்கு மேற்பட்ட எடையுள்ள லாரி, பேருந்துகளுக்குத் தனி லைசென்ஸ் கட்டாயம்.

பதினாறு வயசுல ஸ்கூட்டி ஓட்டலாமா?

பல வீடுகளில் நிலவும் நம்பிக்கை இது: “கியர் இல்லாத வண்டிதானே, 16 வயசுலேயே லைசென்ஸ் தர்றாங்களே.” பாதி உண்மை. 16 வயது முடிந்தவர்களுக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சிசி-க்கு மேற்படாத இன்ஜின் உள்ள வண்டியை மட்டும். இன்று ஷோரூமில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 சிசி, 125 சிசி. ஊரெல்லாம் ஓடும் எக்ஸ்.எல்.கூட இப்போது 100 சிசி வண்டிதான். ஆக, பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் 16 வயது லைசென்ஸ் இருந்தாலும், வீட்டில் நிற்கும் ஸ்கூட்டரை அது அனுமதிக்காது.

மற்ற இருசக்கர வாகனங்களுக்கும் காருக்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். லாரி, பேருந்து போன்ற பெரிய போக்குவரத்து வாகனங்களுக்கு 20 வயது.

அடுத்த சந்தேகம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றியது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்குக் குறைவாகவும் இருந்தால் மட்டும் அது ‘மோட்டார் வாகனம்’ என்ற கணக்கில் வராது. லைசென்ஸும் பதிவும் வேண்டாம். 60, 80 வேகத்தில் பறக்கிற இ-ஸ்கூட்டர்கள் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், ஹெல்மெட் நான்கும் கட்டாயம். நம்பர் பிளேட் இருக்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு புரிந்துவிடும்.

எல்.எல்.ஆர்.: அந்த ஆறு மாதம்

முதல் படி பழகுநர் உரிமம், நம் வழக்கில் எல்.எல்.ஆர். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ‘சாரதி’ பகுதிக்குள் போய் மாநிலத்தைத் தேர்வு செய்து விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் இ-சேவை மையங்கள் வழியாகவும் விண்ணப்பிக்கும் வசதி உண்டு.

தேவைப்படுபவை வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், உடல்நலம் குறித்த சுய அறிவிப்பு. 40 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். சொந்த வண்டி ஓட்டுவதற்குப் படிப்புத் தகுதி எதுவும் கிடையாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள அடிப்படைக் கட்டணங்கள் இவை:

- எல்.எல்.ஆர்.: ஒவ்வொரு வகை வண்டிக்கும் 150 ரூபாய்
- எல்.எல்.ஆர். எழுத்துத் தேர்வு: 50 ரூபாய்
- ஓட்டுநர் தேர்வு: ஒவ்வொரு வகை வண்டிக்கும் 300 ரூபாய்
- லைசென்ஸ் வழங்க: 200 ரூபாய்

மாநில அரசின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனியாக வரும். டிரைவிங் ஸ்கூலிலோ புரோக்கரிடமோ ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர்கள், அதில் அரசுக்குப் போவது எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு, ‘மற்ற செலவு’ எவ்வளவு என்று இந்தப் பட்டியலை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

எல்.எல்.ஆர். தேர்வில் சாலைக் குறியீடுகள், சிக்னல், யாருக்கு முதலில் வழிவிட வேண்டும், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை என்ன போன்ற கேள்விகள் வரும். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும்.

இந்த இடைக்காலத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எல்.எல்.ஆர். கையில் வந்ததும் “இனிமே ஓட்டலாம்” என்று தனியாகக் கிளம்பிவிடுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. கார் பழகுகிறவருடன், அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். பைக் பழகுகிறவர் பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது. சொல்லிக்கொடுக்கிற, லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு மட்டும் விலக்கு. எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு நண்பரை ஏற்றி ஈ.சி.ஆர். ரோட்டில் போவது நேரடியான விதிமீறல்.

‘8’ போட்டாச்சு. அப்புறம்?

ஓட்டுநர் தேர்வு என்றாலே நம் ஊரில் நினைவுக்கு வருவது பைக்குக்கு ‘8’, காருக்கு ‘எச்’. கால் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் லைசென்ஸ் உறுதி என்றுதான் டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித் தருகிறார்கள்.

விதிப் புத்தகத்தில் இருக்கும் பட்டியல் அதைவிட நீளம். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்வது, கிளம்பும் முன் சுற்றிலும் பார்ப்பது, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் கிளப்புவது, கையாலும் விளக்காலும் சரியான நேரத்தில் சிக்னல் காட்டுவது, சரியான லேனைப் பிடிப்பது, முந்திச் செல்லும் முறை, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் நிற்பது, அவசரத்தில் சட்டென்று பிரேக் போட்டாலும் வண்டியைக் கட்டுப்பாட்டில் வைப்பது, ரிவர்ஸ் எடுப்பது என எல்லாவற்றையும் அதிகாரி சோதிக்க வேண்டும். தேர்வுக்கான வண்டியை விண்ணப்பதாரர்தான் கொண்டுவர வேண்டும்.

ஃபெயிலானால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏழு நாள் கழித்து மறுபடி முயலலாம். மூன்று முறை தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

“ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போக வேண்டாமாமே, தனியார் டிரைவிங் ஸ்கூல்லயே டெஸ்ட் முடிஞ்சிடுமாமே” என்ற செய்தி 2024 ஜூன் சமயத்தில் வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவியது. ஜூன் 1 முதல் விதி எதுவும் மாறவில்லை என்று மத்திய அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்தது. ‘அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம்’ என்ற ஏற்பாடு 2021 முதலே விதிகளில் இருக்கிறது. அங்கே காருக்கு நான்கு வாரங்களில் 29 மணி நேரப் பயிற்சி முடித்து, அவர்களின் தேர்விலும் தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. அலுவலக ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஆனால், தெருமுனை டிரைவிங் ஸ்கூல் எல்லாம் அந்தப் பட்டியலில் வராது. சொந்த இடம், தேர்வுத் தடம், சிமுலேட்டர் எல்லாம் இருந்தால்தான் அந்த அங்கீகாரம் கிடைக்கும். லைசென்ஸை வழங்குவதும் எப்போதும் அரசுதான்.

தேறிய பிறகு அட்டை நேரில் தரப்படுவதில்லை. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவுத் தபாலில்தான் வீட்டுக்கு வருகின்றன. விண்ணப்பத்தில் பழைய வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்தால் அட்டை திரும்பிப் போய்விடும்.

எந்தத் தேதி வரை?

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சொந்த வாகன லைசென்ஸின் ஆயுள், எடுக்கும்போது உங்கள் வயது என்ன என்பதைப் பொறுத்தது.

- 30 வயதுக்குள் எடுத்தால், 40 வயது வரை
- 30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால், 10 ஆண்டுகள்
- 50 முதல் 55 வயதுக்குள் எடுத்தால், 60 வயது வரை
- 55 வயதுக்கு மேல் எடுத்தால், 5 ஆண்டுகள்

திருத்தத்துக்கு முன் எடுத்தவர்களுக்குப் பழைய கணக்கு. அட்டையில் அச்சாகியிருக்கும் தேதியைப் பார்ப்பதே சரியான வழி.

முன்பு லைசென்ஸ் காலாவதியானாலும் 30 நாள் சலுகை இருந்தது. “ஒரு மாசம் டைம் இருக்கு” என்று இன்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகையை 2019 திருத்தம் நீக்கிவிட்டது. தேதி முடிந்த மறுநாள் ஓட்டினால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டைத் தாண்டிவிட்டால், மறுபடி ஓட்டுநர் தேர்வு எழுத வேண்டியதுதான்.

வேலைக்காக பெங்களூரு, ஹைதராபாத் போகிறவர்களுக்கு ஒரு தகவல். லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். ஊர் மாறினால் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. வண்டிதான் வேறு. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

அட்டையை வீட்டில் மறந்துவிட்டால்? டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டலாம். சட்டப்படி அது அசலுக்குச் சமம். வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் போட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் அந்த மதிப்பு கிடையாது.

சாவியைக் கொடுத்தவர் மேல் என்ன வழக்கு?

இங்கேதான் பலருக்கும் தெரியாத பகுதி ஆரம்பிக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அவருக்கு வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 180-வது பிரிவின்படி அதே அளவு தண்டனை உண்டு. “அவன் கேட்டான், குடுத்தேன்” என்பது அங்கே எடுபடாது.

ஓட்டியவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் நிலைமை இன்னும் கடுமை. 2019-ல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்கத் தேவையான எச்சரிக்கையுடன் இருந்தோம் என்பதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

2024 மே மாதம் புனேயின் கல்யாணி நகரில் சொகுசுக் கார் ஒன்று மோதி, பைக்கில் சென்ற 24 வயது ஐ.டி. ஊழியர்கள் இருவர் இறந்தனர். காரை ஓட்டியதாக வழக்கில் சொல்லப்பட்டவர் 17 வயதுச் சிறுவர். சாலை விபத்துகள் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு முதலில் ஜாமீன் கிடைத்தது நாடு முழுவதும் கோபத்தைக் கிளப்பியது. சிறுவரின் தந்தை மீதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. “நம்ம பையன்தானே, பக்கத்துல போயிட்டு வரட்டும்” என்று சாவியைக் கொடுக்கும் வீடுகள் யோசிக்க வேண்டிய வழக்கு அது.

அடுத்தது பணம். உங்கள் வண்டியை லைசென்ஸ் இல்லாத ஒருவர் ஓட்டி, சாலையில் போன ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்ட குடும்பம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்பதால், இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கட்டட்டும், பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. உரிமையாளர் தெரிந்தே, அல்லது அக்கறை இல்லாமல் வண்டியைக் கொடுத்தார் என்பதை இன்சூரன்ஸ் நிறுவனம் நிரூபித்தால், அந்தத் தொகை உரிமையாளர் தலையில்தான் விழும். இழப்பீடு இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், இளம் வயதுச் சம்பளக்காரர் ஒருவர் இறந்த வழக்கில் அது பல லட்சங்களைத் தொடலாம். உங்கள் வண்டிக்கு ஆன சேதத்துக்கான கிளெய்மும் நிராகரிக்கப்படலாம்.

அதனால், நண்பர் வண்டி கேட்டால் லைசென்ஸைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். வகை, தேதி இரண்டையும் பார்க்க அரை நிமிடம் போதும்.

டெஸ்ட்டில் கேட்காத பாடங்கள்

லைசென்ஸ் சரியாக இருந்தால் சட்டத்தின் முதல் படி முடிகிறது. அதற்குப் பிறகு உயிரைக் காப்பாற்றுவது பழக்கம்தான்.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். 2022-ல் நாட்டில் நடந்த சாலை மரணங்களில் 71 சதவீதம் அதிவேகத்தால் நிகழ்ந்தவை என்று அமைச்சக அறிக்கை சொல்கிறது. காரணம் எளிய இயற்பியல். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் போட்டு நிற்பதற்கான தூரம் நான்கு மடங்காகும். 30-ல் போகும்போது நாலு அடி தள்ளி நிற்க முடிந்த இடத்தில், 60-ல் போனால் மோதிவிட்டுத்தான் நிற்க முடியும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகரும். போனில் வந்த மெசேஜை இரண்டு நொடி பார்த்தால், 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். ஏறக்குறைய மூன்று மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். ஓட்டும்போது கையில் போன் வைத்திருப்பதை 184-வது பிரிவு ‘ஆபத்தான முறையில் ஓட்டுதல்’ என்ற குற்றத்தில் சேர்த்திருக்கிறது. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்த விதி அனுமதிக்கிறது. கிளம்பும் முன்பே மேப்பைப் போட்டு, ஹோல்டரில் மாட்டிவிட்டால் சிக்கல் இல்லை.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி? சாலையோர மரத்தையோ கம்பத்தையோ அந்த வண்டி தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதே இடத்தை அடைய மூன்று நொடியாவது ஆக வேண்டும். மழையில் அதை இரண்டு மடங்காக்குங்கள்.

யார் முதலில் போவது என்பதில்தான் நம் ஊரில் அதிகச் சண்டை. ரவுண்டானாவில் வலது பக்கத்திலிருந்து, அதாவது உள்ளே சுற்றி வருகிறவருக்கு முன்னுரிமை. கிளைச் சாலையிலிருந்து வருகிறவர் பிரதான சாலை வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். கோட்டுக் கடவையில் கால் வைத்த பாதசாரிக்கு எல்லா வண்டியும் நிற்க வேண்டும். லைட்டைச் சிமிட்டியோ ஹார்ன் அடித்தோ முன்னுரிமை வாங்க முடியாது.

அடுத்தது ஹெல்மெட். 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். “சும்மா பின்னாடிதானே உக்காந்திருக்கேன்” என்ற சமாதானத்தின் விலை இது. கொக்கி மாட்டாத ஹெல்மெட், மோதிய வேகத்தில் தலையைவிட்டு முதலில் பறந்துபோகும்.

மீறினால் என்ன?

சட்டத்தில் உள்ள முக்கியமான தண்டனைகள் சில:

- ஹெல்மெட் இல்லாவிட்டால்: 1,000 ரூபாய், லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம்
- சீட் பெல்ட் போடாவிட்டால்: 1,000 ரூபாய்
- இன்சூரன்ஸ் இல்லாவிட்டால்: முதல்முறை 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்
- ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால்: 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்
- குடித்துவிட்டு ஓட்டினால்: முதல்முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், மறுமுறை 15,000 ரூபாய் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்

மது அளவின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். “ஒரு பீர்தான், ஒண்ணும் ஆகாது” என்று கணக்குப் போட முடியாது. உடல் எடை, சாப்பாடு, நேரம் எல்லாவற்றையும் பொறுத்து அளவு மாறும். குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூடப் போகிறவர்கள் மீதும், குற்றத்துக்கு உடந்தை என்ற பிரிவில் வழக்கு போடப்படும் என்று சென்னை போக்குவரத்து போலீஸ் 2022-ல் அறிவித்தது. பார்ட்டி முடிந்து கிளம்பும்போது சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டோ புக் செய்கிற நண்பர், அந்த இரவில் நல்ல துணை.

விபத்து நடந்துவிட்டால்...

ஓட்டியவரின் முதல் கடமை வண்டியை நிறுத்துவது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அருகில் போலீஸ் இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். கூட்டம் தாக்கிவிடும் என்ற பயம் இருந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம். ஆனால், அங்கிருந்து 108-க்கும் போலீஸுக்கும் உடனே அழைக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை.

பார்த்தவர்களுக்கும் ஒரு செய்தி. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் இனி வேண்டாம். 134ஏ பிரிவு ‘நல்ல மனதுடன் உதவுபவருக்கு’ப் பாதுகாப்பு தருகிறது. விருப்பம் இல்லையென்றால் உங்கள் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

பணத்துக்காகவும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

இன்றே பார்த்துவிடுங்கள்

பர்ஸில் இருக்கும் லைசென்ஸை இப்போதே எடுத்துப் பாருங்கள். நீங்கள் தினமும் ஓட்டும் வண்டியின் வகை அதில் இருக்கிறதா? காலாவதித் தேதி என்ன? இன்னும் ஓராண்டுக்குள் முடிகிறது என்றால் பரிவாகன் தளத்தில் இப்போதே விண்ணப்பிக்கலாம். வீட்டு முகவரியும் போன் நம்பரும் மாறியிருந்தால் அதே தளத்தில் திருத்திக்கொள்ளுங்கள். வண்டியின் இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று பார்த்து, போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

வீட்டில் 18 வயது ஆகாத தம்பியோ தங்கையோ இருந்தால், வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேலேயா தொங்குகிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.